பின்சக்கரத்துப் பீடை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே பழைய ஐஸ் தொழிற்சாலை முற்றத்தில் மூச்சுவிட இடமில்லை. எண்பது பிக்கப் வண்டிகள் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஊசி போட்டுக்கொள்ள வந்த நோயாளிகள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். வண்டிகள் கூச்சப்படவில்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் வண்டிகளுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஊதா நிறத்தில் ஒரு பேனர். 'உங்கள் வண்டி குதிக்கிறதா? குறை ஷாக்கப்சரில் இல்லை, உங்கள் நேரத்தில்! வாகன நாடி வல்லுநர் நாடி ஐயா, ஞாயிறு தோறும்.'

நாடி ஐயாவும் ஊதாதான். கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே ஊதா உடை. முப்பது வருடமாக வண்டிகளின் நாடி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டார். அந்த உடையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. இந்த ஒன்றைக் கவனித்திருந்தாலே கூட்டம் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். ஆனால் கூட்டம் கவனிக்க வரவில்லை. வாயைப் பிளக்க வந்திருந்தது.

வரிசையில் பதினோராவது வண்டிக்குப் பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், பெரியவர் நின்றார். ஊரில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் அழைப்பார்கள். அறுபத்தெட்டு வயது. முதுகு இன்னும் வளையவில்லை. யாருக்கும் வளைந்ததில்லை என்பது அவருடைய கணக்கு. மலை உச்சியில் காற்றாலை நடுகிற கம்பெனிக்கு ஆட்களையும் சாமானையும் பாறைப் பாதையில் ஏற்றிச் செல்வது அவர் குடும்பத் தொழில்.

"எங்க குடும்பத்தை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கலை" என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றும் டீ குடித்துக்கொண்டே சொன்னார். பிறந்து, வளர்ந்து, ஊதா உடுத்தி, பத்தடி தூரத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

பெரியவருடைய வண்டி இரண்டு மாதமாகப் பின்னால் குதித்தது. சின்னக் குழியில் இறங்கினாலும் பின்புறம் 'டங்' என்று அடித்துக்கொண்டு எகிறும். போன வாரம் பின்னால் உட்கார்ந்திருந்த வெல்டரின் தலை மேலே இருந்த கம்பியில் மோதி ஐந்து தையல். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பார்த்துக்குவோம்" என்று கம்பெனி எஞ்சினியர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பெரியவருக்கு அந்த ஐந்து தையலும் தம் நெற்றியில் போட்டது போல இருந்தது.

வண்டியை ஓட்டுவது அவருடைய ஒரே மகள். ஏழு வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவள். பாதையில் எந்தப் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அன்றும் அவள்தான் வண்டியைக் கொண்டு வந்திருந்தாள். கூடவே பெரியவருடைய அக்கா மகனும் வந்திருந்தான். அவனுக்கு ஊரில் 'ரிவர்ஸ்' என்று பெயர். ஓட்டுநர் உரிமம் வாங்கிய நாளிலிருந்து அவன் இடித்தவை எல்லாம் பின்னால் வரும்போது இடித்தவை.

முதலில் அற்புதம் நடந்தது. ஐயாவின் ஊதா பிக்கப்பின் பின்தொட்டியில் ஒரு மரத் தாங்கி. அதில் பெரிய கண்ணாடிக் கிண்ணம், விளிம்பு வரை தெளிந்த தண்ணீர். தரையில் மூன்று மரக்கட்டைகள். வண்டி முதல் கட்டையில் ஏறி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பார்த்தீங்களா!" என்று ஒலிபெருக்கி அலறியது. அலறியவன் ஐயாவின் மனைவிக்குத் தம்பி. பேனரில் அவனுக்கு முதன்மைச் சீடர் என்று பட்டம். கூட்டம் வைத்த பெயர் மைக் மச்சான். "உயிரேத்தின ஷாக்கப்சர்! தான் வண்டியில போறோம்னு தண்ணிக்கே தெரியாது!"

கூட்டம் கைதட்டியது. பெரியவர் கைதட்டவில்லை. அது அவர் தகுதிக்குக் குறைவு. ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பதினோராவது வண்டியின் முறை வந்தது. நாடி ஐயா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். மற்ற வைத்தியர்களுடையதைவிட அதன் குழாய் மூன்று மடங்கு நீளம். அவர் குனியாமலே முனையைப் பின் அச்சில் வைக்கலாம். குனிந்தால் ஊதா கெட்டுவிடும். கண்ணை மூடிக் கேட்டார். முகம் வாடியது.

"இந்த வண்டி அழுகுது."

"என்னன்னு அழுகுதுங்க?" என்றார் பெரியவர் பதறி.

"மலை ஏறுது. பாறை வழி. ஆளுங்களைச் சுமந்துட்டுப் போகுது. ஒருத்தன் தலையில ரத்தம்."

பெரியவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்பின் தெரியாத மனிதர், அச்சில் குழாயை வைத்தே வெல்டர் தலையைப் பார்த்துவிட்டாரே! கால்மணி நேரம் முன்பு மைக் மச்சான் வரிசை நெடுக நடந்து ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ரிவர்ஸுக்கு இரண்டு டீ. ரிவர்ஸ் ஒரு டீக்கே குடும்பக் கதை முழுவதும் சொல்லக்கூடியவன். இரண்டு டீக்கு வெல்டருக்குப் போட்ட தையலின் எண்ணிக்கை வரை சொல்லியிருந்தான். நாடி பேசவில்லை. டீ பேசியது.

"இன்னும் ஒண்ணு கேக்குது" என்றார் ஐயா. "ஸ்டியரிங்ல வளையல் சத்தம்."

கூட்டம் திரும்பி மகளைப் பார்த்தது.

"வளையலா?" என்றாள் அவள். "நான் வாட்ச்கூடக் கட்டறதில்லைங்க. ஜாக்கியில மாட்டும்."

"பொம்பளைக் கைன்னு அர்த்தம்!" என்று மைக் மச்சான் விளக்கம் சொன்னான்.

"அந்தக் கைக்கு மலை ஆகாது" என்றார் ஐயா, பெரியவரைப் பார்த்து. "அந்தக் கையோட பீடைதான் பின்சக்கரத்துல இறங்கிக் குதிக்குது."

மகள் ஒரு நொடி யோசித்தாள். "ஏங்க, ஸ்டியரிங் முன்சக்கரத்தைத்தானே திருப்புது? என் கையில இருந்து இறங்கற பீடை முன்னாடியே இறங்காம, வேலை மெனக்கெட்டு ஏன் பின்னாடி போகுது?"

யாரோ ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை முறைத்தார்.

"ஐயாவை எதிர்க்கேள்வி கேட்டா வண்டி தங்காது!" என்று மைக் அலறியது. "பெரியவரே, உங்க குடும்பத்துல பெரியவங்க பேசும்போது சின்னவங்க குறுக்க பேசறது வழக்கமா?"

அது சரியான இடத்தில் விழுந்த அடி. முந்நூறு பேர் முன்னால் குடும்ப வழக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டான். பெரியவர் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. மைக்கைத் தம் கையில் வாங்கினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து சாவி என் அக்கா மகன் கையில. இது என் வார்த்தை."

கூட்டம் கைதட்டியது. ரிவர்ஸ் இரண்டடி பின்னால் நகர்ந்தான். வீடு வரும்வரை மகள் ஒரு கியர்கூடச் சத்தமாகப் போடவில்லை.

ஐயாவின் விதிமுறை எளிமையானது. பழைய ஷாக்கப்சர் இரண்டையும் கழற்றி, கறுப்புத் துணியில் சுற்றி, புதன்கிழமைக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அவிழ்த்துப் பார்க்கக்கூடாது. ஐயா அவற்றை ஆளில்லாத இடத்தில் புதைப்பார். ஞாயிற்றுக்கிழமை உயிரேற்றிய ஊதா ஷாக்கப்சர் பூட்டப்படும். அதற்குரிய தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பீடைக்குக் கடன் பிடிக்காதாம்.

திங்கட்கிழமை காலை கொட்டகையில் மகள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெரியவர் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வரவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்ததாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"அப்பா, ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்களேன்."

"சொல்லு, கேக்குது."

"கேக்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்குக் கூப்பிட்டேன்." கால்கள் அசைந்தன. "ரெண்டு மாசம் முன்னாடி பின்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூடுதலா வைக்கச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. சுமை ஏற்றினால் வண்டி பின்னால் அமுங்கியது. யாருக்கோ கும்பிடு போடுவது போல இருக்கிறது என்று அவருக்குப் பொறுக்கவில்லை. நம் வண்டி யாருக்கும் பணியக்கூடாது என்று பட்டை சேர்த்து, பின்புறத்தை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்தார். தெருவில் போகும்போது பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

"வண்டியைத் தூக்கினோம். ஷாக்கப்சர் பழைய நீளந்தான். குட்டையா இருக்கு. நிக்கும்போதே முழுசா இழுத்துக்கிட்டு நிக்குது. ஒரு குழியில சக்கரம் இறங்கினா இதுக்கு மேல நீள இடமில்ல, டங்குன்னு அடிக்குது. அடிச்சு அடிச்சு உள்ள இருக்கிற எண்ணெயெல்லாம் ஒழுகிடுச்சு. எண்ணெய் இல்லாத ஷாக்கப்சர் வெறும் இரும்புக் குழாய். ஸ்பிரிங் குதிக்கும், அடக்க ஆளில்ல. இவ்வளவுதான்ப்பா பீடை."

"அவர் வெல்டர் தலையில ரத்தம்னு சொன்னாரே?"

"ரிவர்ஸ் அத்தான்கிட்ட ரெண்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டா நானும் சொல்லுவேன்."

அப்போது பெரியவரின் மனைவி கொட்டகைப் பக்கம் துணி காயப்போட வந்தார். ஒரு பார்வையில் நிலவரத்தை அளந்தார்.

"உங்க முதுகு மாதிரியே வண்டி முதுகும் இருக்கணும்னா இப்படித்தான். நாப்பது வருஷமா உங்களோட குடும்பம் நடத்தற எனக்கும் சில நேரம் டங்குன்னுதான் அடிக்குது."

"நான் முந்நூறு பேர் முன்னாடி வார்த்தை கொடுத்துட்டேன்" என்றார் பெரியவர்.

"முந்நூறு பேருக்கும் நாளைக்கு அது ஞாபகம் இருக்காது. உங்க மகளுக்கு இருக்கும்." துணியை உதறிவிட்டுப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம். டக், டக், டக், டக்.

"என்ன சத்தம்?"

"அடையாளம் போடறேன்பா. நம்ம பொருள் வெளிய போகுதே."

அதில் பெரியவருக்குத் திருப்தி. அந்த வீட்டு வழக்கம் அது. ஸ்பேனர், ஜாக்கி, தண்ணீர்க் குடம், சட்டியின் அடிப்பாகம் வரை 4417 என்று பொறித்திருக்கும். அவருடைய அப்பா ஓட்டிய முதல் வண்டியின் எண். அவர் விட்டுச்சென்ற அச்சுப் பெட்டியில் நாலாம் எண் அச்சுக்குக் கால் உடைந்துவிட்டது. ஆகவே அந்தக் குடும்பத்துப் பொருளில் நாலு எப்போதும் காலொடிந்துதான் நிற்கும். இரவல் போன சுத்தியல் பத்து வருடம் கழித்து அந்த நாலை வைத்தே வீடு திரும்பியிருக்கிறது. புதைக்கப் போகிற பொருளுக்கு எதற்கு அடையாளம் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை புதன்கிழமையோடு முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு. போன வாரம் எண்பது வண்டி. இந்த வாரம் நூற்றிருபது. ஒருவன் கைவண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். அதற்கு ஷாக்கப்சரே கிடையாது. இருந்தாலும் ஐயா நாடி பார்த்து, அதுவும் அழுகிறது என்று சொன்னார்.

வெல்வெட் துணி விரித்த மேசையில் ஊதா ஷாக்கப்சர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பெரியவர் வண்டிக்கு முன்னால் செங்கல்காரருடைய பிக்கப். செங்கல் ஏற்றுகிற வண்டி, செங்கல் நிறத்தில் மனிதர். மைக் மச்சான் இரண்டு ஷாக்கப்சரைக் கொண்டுவந்தான். இரண்டு ஆள் படுத்துப் பூட்டினார்கள். ஐயா எட்ட நின்று ஆசி கூறினார்.

மகள் குனிந்து, பூட்டிய இடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு காசு இருக்கா?"

"எதுக்கும்மா?" என்றார் செங்கல்காரர்.

"ஷாக்கப்சரோட கீழ் வளையத்தைச் சுரண்டிப் பாருங்க. நான் சுரண்டினா என் கைப் பீடைன்னுடுவாங்க. உங்க வண்டி, உங்க காசு, உங்க கை."

"தொடாதே!" என்று மைக் கத்தியது. "சுரண்டினா உயிர் போயிடும்!"

"யார் உயிரு?" என்றார் செங்கல்காரர். அதற்குள் பாதி சுரண்டியிருந்தார். ஊதாத் தோலுக்கு அடியில் துரு. துருவுக்கு நடுவே பொறித்த எழுத்து. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "நாலு... நாலு... ஒண்ணு... ஏழு. நாலுக்குக் காலே இல்லையே?"

பெரியவர் காதில் அது விழுந்தது. இந்த முறை மனத்திலும் விழுந்தது. அவர் நடந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஊரார் முன்னால் முட்டி மடக்கி உட்கார்ந்து, ஒரு செங்கல் வண்டியின் பின்சக்கரத்துக்குள் தலையை நுழைத்தார். அப்பாவின் அச்சு. காலொடிந்த நாலு, பக்கத்திலேயே இன்னொரு காலொடிந்த நாலு. புதன்கிழமை கறுப்புத் துணியில் சுற்றித் தம் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தது. ஆளில்லாத இடத்தில் புதைக்கப்பட்டிருக்க வேண்டியது. பெயிண்ட் டப்பாவில் புதைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு விசித்திரம் நடந்தது. நாடி ஐயாவும் மைக் மச்சானும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"அற்புதம்!" என்றார் ஐயா. "பீடை தன் எண்ணோட இடம் பெயர்ந்து வந்திருக்கு!"

"திருட்டு!" என்றான் மச்சான். "இந்தப் பொண்ணு களவாணித்தனமா உள்ள புகுந்து எண்ணைக் குத்தியிருக்கா!"

கொஞ்சமாவது யோசிக்கிற கூட்டமாக இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். இந்தக் கூட்டம் இரண்டையும் நம்பியது. பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் மகளை முறைத்தார்கள். சிலர் இரண்டையும் செய்தார்கள்.

பெரியவர் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை கிரீஸ். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். குரல் உயரவில்லை. "அற்புதமா, திருட்டா? அற்புதம்னா என் மகளைத் திருடின்னு சொன்னவன் நாக்கு பொய். திருட்டுன்னா அற்புதம்னு சொன்ன நாக்கு பொய். எந்த நாக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. நான் நிக்கறேன்."

ஐயா மச்சானைப் பார்த்தார். மச்சான் மைக்கைப் பார்த்தான். மைக் கொய்ங் என்றது.

"அப்போ அந்தக் கிண்ணம்?" என்று கூட்டத்தில் ஒரு குரல். "ஒரு சொட்டு சிந்தலையே! எல்லாரும் கண்ணால பார்த்தோமே!"

"அதானே! கிண்ணம்! கிண்ணம்!" மூழ்குகிறவன் கட்டையைப் பிடித்தது போல மச்சான் அதைப் பிடித்துக்கொண்டான். கூட்டமும் சேர்ந்து பிடித்தது. ஏமாந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட இன்னும் கொஞ்சம் ஏமாறுவது மனிதனுக்குச் சுலபம்.

பெரியவர் ஊதா பிக்கப்பை நோக்கி நடந்தார்.

"கிட்டப் போகாதீங்க! சக்தி தாங்காது!"

அவர் பின்தொட்டியில் ஏறினார். கிண்ணத்தைத் தாங்கியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். நூற்றிருபது வண்டிக்காரர்கள், அவர்களுடைய மாமன் மச்சான்கள், பழைய எதிரிகள், காற்றாலை எஞ்சினியர்கூட ஓரமாக நின்றார். அவர் வண்டியும் குதித்தது போலிருக்கிறது.

"போன வாரம் இங்க நின்னு என் மகளோட சாவியைப் பறிக்கிறதா வார்த்தை கொடுத்தேன். இந்தத் தண்ணியை நம்பிக் கொடுத்தேன். தண்ணின்னா கவுத்தா கொட்டும். கொட்டினா நான் உங்க முன்னாடி தொப்பலா நனைஞ்சு வீட்டுக்குப் போறேன். நாடி ஐயா சொல்றபடி நடக்கறேன்."

"அப்பா, வேண்டாம்பா" என்றாள் மகள். "ஒரு டம்ளர்ல ஊத்திக் காட்டச் சொன்னாப் போதும்."

"ஏமாந்தது என் தலை. அதுலதான் ஊத்தணும்."

கிண்ணத்தைத் தம் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார்.

நாலு சொட்டு விழுந்தது. ஒன்று மூக்கில். அவ்வளவுதான். தலைகீழான கிண்ணத்தில், தெளிந்த தண்ணீர் தெளிந்தபடியே, விளிம்பு வரை, நின்றது.

பிறகு முன்வரிசையில் ஒருவர் பரவசமாகக் கைதட்டினார். "தலைகீழா பிடிச்சாலும் கொட்டல! அடேங்கப்பா! இதுக்கு மேல என்ன அற்புதம் வேணும்!"

பெரியவர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபத்தைவிட அடையாளம் கண்டுகொண்ட வருத்தம் அதிகம். போன வாரம் அந்த இடத்தில் நின்றது அவர்தானே. ஒரு கையால் கிண்ணத்தைத் தாங்கி, மறு கையின் விரலை உள்ளே விட்டு ஒரு கிண்டு கிண்டினார். தளக் என்று ஒரு சத்தம். ஐந்து படி 'தண்ணீர்' ஒரே கட்டியாக வழுக்கி, அவர் தலையில் உட்கார்ந்து, நெற்றியில் சரிந்து, தோளில் இறங்கி, அங்கே நின்று தளதளவென்று ஆடியது. குளிர்பானக் கடையில் ஜெல்லி செய்கிற தூள். கரைத்து ஆறவைத்தால் கல் மாதிரி உட்காரும். மரக்கட்டை என்ன, மலையில் ஏற்றினாலும் சிந்தாது.

முதலில் சிரித்தது மகள். அடுத்து செங்கல்காரர். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரியவர் தோளிலிருந்து ஒரு துண்டு அற்புதத்தை எடுத்துக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.

"யாருக்கு வேணும்? சர்க்கரை மட்டும் போடல."

நாடி ஐயா அதற்குள் ஊதா பிக்கப்பின் ஸ்டியரிங்கில் ஏறிவிட்டார். பெரியவர் குதித்து இறங்கவும் வண்டி சீறிப் புறப்பட்டது. முற்றத்துச் சிமெண்ட் விரிசல் ஒன்றில் பின்சக்கரம் இறங்கியது. டங்! உயிரேற்றிய ஷாக்கப்சர் பூட்டிய வண்டி தவளை போல எகிறியது. இன்னொரு விரிசல், இன்னொரு டங்! பின்கதவு திறந்துகொண்டது. மரத் தாங்கிக்கு அடியில் ஒளித்திருந்த கறுப்புத் துணி மூட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டன. துணி அவிழ்ந்து, புதைத்ததாகச் சொன்ன ஷாக்கப்சர்கள் முற்றமெங்கும் ஓடின. வாசலை அடைவதற்குள் செங்கல்காரர் தம் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார். மைக் மச்சானால் ஓட முடியவில்லை. ஒலிபெருக்கி வயர் காலில் சுற்றியிருந்தது. காற்றாலை எஞ்சினியர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு நெடுநேரம் ஆட்கள் தரையில் குந்தி, காசால் சுரண்டி, தங்கள் தங்கள் துருவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் மைக்கை எடுத்தார். அது இன்னும் வேலை செய்தது.

"நான் போன வாரம் கொடுத்த வார்த்தையை வாபஸ் வாங்கறேன். என் மகள் கையில ஒரு குறையும் இல்ல. வண்டியைத் தூக்கி வச்சது நான். ஷாக்கப்சர் குட்டைன்னு அவ மறுநாளே சொன்னா. கேக்காதது நான். குதிச்சது என் வீம்பு." கண்ணோரத்தில் எதையோ துடைத்துக்கொண்டார். ஜெல்லியாக இருக்கலாம். "எங்க குடும்பத்து மானம் போயிடுச்சுன்னு யாராவது நினைச்சா நினைச்சுக்குங்க. பொய்யைக் கட்டிக்கிட்டு அழறதுதான் மானம்னா, எங்களுக்கு அது வேண்டாம்."

"மாமா, சாவி" என்று ரிவர்ஸ் ஓடிவந்து நீட்டினான். அவன் முகத்தில் இவ்வளவு நிம்மதியை யாரும் பார்த்ததில்லை. "ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. அந்த மலையில வண்டியைத் திருப்பவே இடமில்லையாமே?"

பெரியவர் சாவியை மகளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்கப்பா. கூடுதல் பட்டையைக் கழட்டிடலாமா, இல்ல உயரத்துக்கு ஏத்த நீளத்துல கனமான ஷாக்கப்சர் வாங்கிப் பூட்டலாமா?"

"நீ எதுன்னு சொல்றே?"

"சுமைக்குப் பட்டை இருக்கட்டும். ஷாக்கப்சர் நீளமா வேணும்."

"அப்போ நிமிர்ந்தே நிக்கட்டும்" என்றார் பெரியவர், தோளைத் துடைத்துக்கொண்டு. அவள் சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

புதிய ஷாக்கப்சரில் ஊதாவும் இல்லை, உயிரும் இல்லை. உள்ளே எண்ணெய் இருந்தது. நீளம் சரியாக இருந்தது. பூட்டியபின் பெரியவர் பின் பம்பரில் தம் முழு எடையையும் போட்டு அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வண்டி மேலே வந்தது, நின்றது. இரண்டாவது தடவை ஆடவில்லை. அன்று வெல்டர் மலை உச்சி வரை பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனித குலத்தைப் பற்றி நல்ல எண்ணத்தோடு நாம் படுக்கப் போகலாம்.

அடுத்த ஞாயிறு காலை பெரியவர் கதவைத் திறந்தால் தெருவெல்லாம் பிக்கப் வண்டி. பின்புறத்தைக் காட்டிக்கொண்டு வரிசை. முன்னால் நின்றவர் அன்றைக்குத் தலைகீழ்க் கிண்ணத்துக்குக் கைதட்டியவர். மகளைப் பார்த்ததும் உருகிப்போனார்.

"அம்மா, நாடி ஐயாவையே வீழ்த்தின கை உங்க கை. அதுல ஏதோ இருக்கு. ஒரே ஒரு தடவை என் வண்டியைத் தொட்டுடுங்க. போதும், குதிக்கறது நின்னுடும்."

மகள் உள்ளே போய் ஒரு பழைய சாக்கையும் டார்ச் விளக்கையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"சாக்கைக் கீழ விரிங்க. படுங்க. பின்சக்கரத்துக்கு உள்பக்கம் விளக்கு அடிங்க. எண்ணெய் ஒழுகுதா, வளையம் தேய்ஞ்சிருக்கா, கம்பி முழுசா நீண்டு நிக்குதா, பார்த்துச் சொல்லுங்க."

"நானா?" அவர் தம் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "படுத்தா அழுக்காகுமேம்மா. நீங்க ஒரு தடவை தொட்டா..."

அவருக்குப் பின்னால் நின்ற நாற்பது பேரும் அதே கவலையோடு தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள்.

பாருங்கள், இவர்கள் பயந்ததெல்லாம் துணி அழுக்காவதற்குத்தான். எவனோ ஒருவன் வந்து மண்டைக்குள் சேற்றை அள்ளிக் கொட்டியபோது ஒருவரும் இப்படிப் பதறவில்லை. சட்டை துவைத்தால் வெளுத்துவிடும் ஐயா. தலையை எந்தச் சலவைக்காரனிடம் கொடுப்பதாக உத்தேசம்? உங்கள் தலையைக் கொண்டு நீங்களேதான் யோசித்தாக வேண்டும்.